நோய் யாருடையது?

மருத்துவரின் அறையில் நோயாளிக்கென்று ஒரு நாற்காலி இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னே, சுவரோரமாக, இன்னொரு நாற்காலி இருக்கும். அது நோயாளியுடன் வருபவருக்கு உரியது. மருத்துவத்தின் பெருமையைப் பேசுவோர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரைப் பற்றியும், அவர் எதிரே அமர்ந்திருப்பவரைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கின்றனர். சுவரோரத்தில் அமர்ந்திருப்பவரைப் பற்றி எழுதியவர் சிலரே. ஆயினும், நோய் என்பது யாருடையது என்னும் பழைய வினாவை மீண்டும் மீண்டும் எழுப்புவது அந்த மூன்றாவது நாற்காலியே.

எந்த ஊரிலும் எந்தக் கிழமையிலும் நிகழக்கூடிய ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். எழுபத்தைந்து வயது கடந்த தந்தை. பொதுப்பணித் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இரத்த அழுத்தத்திற்கு மருந்து வாங்க மூன்று மாதத்திற்கு ஒரு முறை மருந்தகத்திற்குத் தனியாக வருபவர். இம்முறை மகளும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்திருக்கிறாள். தந்தையை எடை பார்க்கத் தாதி அழைத்துச் சென்றதும், மகள் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்குகிறாள். அப்பா அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார். சந்தைக்குச் சென்றவர் ஒரு நாள் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறார். அம்மா இறந்து நான்காண்டு ஆகியும் சில மாலைகளில் அவருக்கும் சேர்த்துத் தேநீர் கலக்கிறார். “என்ன நோயாக இருந்தாலும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். தாங்கமாட்டார்.” பிறகு கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைக்கிறாள். கடற்பாசியிலிருந்து எடுத்த சத்து மாத்திரைகள். மூளைக்கு நல்லது என்று அண்ணன் வாங்கிக் கொடுத்தது. விலை முந்நூறு வெள்ளி. கொடுக்கலாமா?

வெளியே இருபது பேர் காத்திருக்கின்றனர். மருத்துவருக்குக் கிடைத்திருப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திற்குள் ஓர் அச்சம், ஓர் இரகசியம், ஒரு புட்டி ஆகிய மூன்றும் மேசைக்கு வந்துவிட்டன. இவற்றுள் மருத்துவத்திற்கு உரியது எது? புட்டிக்குள் இருப்பது வேதியியல். அதனை ஆராயச் சாலைகள் உண்டு. அச்சமும் இரகசியமும் வீட்டு விவகாரம் என்று தள்ளிவிடலாமா? தள்ளுவதற்கு முன் மருத்துவர்க்கு உரிமை உண்டா என்று கேட்பதே அறவியல்.

தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒருவன், நோய் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிருந்து துணை செய்பவன் ஒருவன். நான்காமவனைப் பணியாள் என்று மட்டும் பொருள் கொண்டு கடந்துவிடுவது எளிது. ஆனால் வள்ளுவர் அவனை மருத்துவத்திற்கு வெளியே நிறுத்தவில்லை, உள்ளேயே வைத்தார். நான்கில் ஒன்று குறைந்தால் எஞ்சிய மூன்றும் மருத்துவம் ஆகா என்பதே அவ்வகுப்பின் உட்கிடை எனலாம். இற்றை ஆராய்ச்சி இந்நான்கனுள் மருந்துக்கு அளித்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கையேனும் நான்காமவனுக்கு அளித்திருக்கிறதா என்பது ஐயமே.

அந்த நான்காமவர் மறக்கப்பட்ட கதையைக் கடற்பாசியைக் கொண்டே சொல்லலாம் என்பது வியப்புக்குரியது.

இந்நாட்டு இல்லங்களில் தீபாவளிக்கும் திருமணத்திற்கும் தட்டு நிறைய வைக்கப்படும் அகார் அகாரை அறியாதார் இலர். தேங்காய்ப் பாலும் பாண்டான் இலையும் சேர்த்து, வெட்டுவதற்கு வாகாக உறைந்து நிற்கும் அந்தக் கடற்பாசிக் கூழ், பிள்ளைகளுக்கு இனிப்பு, அவ்வளவே. அதன் பெயர் மலாய்ச் சொல். அச்சொல் உலகத்து ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் சென்று சேர்ந்தது ஒரு பெண்மணியின் சமையலறை வழியாகத்தான். 1881ஆம் ஆண்டில் வால்டர் ஹெஸ்ஸே என்னும் ஜெர்மானிய மருத்துவர், புகழ்பெற்ற ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். கிருமிகளை வளர்க்க அன்று பயன்பட்டது ஜெலட்டின். கோடை வெப்பத்தில் அஃது உருகிவிடும். சில கிருமிகள் அதனையே கரைத்துத் தின்றும் விடும். அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, நியூ யார்க்கில் பிறந்தவர். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒரு டச்சுக் குடும்பத்தாரிடம் இளமையில் கற்ற பக்குவப்படி, வெயிலிலும் உருகாத கூழ் செய்து வந்தவர். ஆய்வுக்கூடத்திலும் அகாரைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்றார் அவர். ஏறத்தாழ 85 பாகை வெப்பத்தில்தான் அகார் உருகும். உறைந்தபின் மனித உடலின் வெப்பத்தில் அசையாமல் நிற்கும். பெரும்பாலான கிருமிகளால் அதனைத் தின்ன இயலாது. ஆய்வாளர் தேடியது அதுவே. அன்று முதல் இன்று வரை, கிருமிகளைப் பிரித்து வளர்க்கும் தட்டுகளில் அகாரே இருக்கிறது.

1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் வெளியிட்ட கட்டுரையில் அகாரைப் பற்றிய குறிப்பு உண்டு. அதனைத் தந்தவர் இன்னார் என்ற குறிப்பு இல்லை. அக்குடும்பத்திற்கு அதனால் ஊதியமும் இல்லை. வீட்டிலிருந்து பெற்றுக்கொண்டதை வீட்டின் பெயரில் எழுதிக்கொள்ள ஆராய்ச்சிக்கு அன்று தோன்றவில்லை.

அகார்த் தட்டின் சிறப்பு யாது? பலவாகக் கலந்து கிடக்கும் உயிர்களுள் ஒன்றை மட்டும் தனியே பிரித்துக் காட்டுவது. தனிமைப்படுத்திப் பார்த்ததனால்தான் இன்ன நோய்க்கு இன்ன கிருமி என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. இதனைக் குறைத்துப் பேசுவது நன்றி மறத்தலாகும். ஆனால் கருவிக்கு ஒரு குணம் உண்டு. தன்னைக் கையாளுபவனுக்கும் அது தன் பழக்கத்தைக் கற்பித்துவிடும். கிருமியைத் தனியே கண்ட மருத்துவம், நோயையும் நோயாளியிடமிருந்து தனியே காணப் பழகிற்று; பிறகு நோயாளியையும் வீட்டாரிடமிருந்து தனியே காணப் பழகிற்று. கிருமி தட்டில் தனித்து வாழும். மனிதன் அவ்வாறு வாழ்வதில்லை அன்றோ!

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, வலிமையான வாதம். வீட்டாரின் கவலைக்கு மருத்துவம் செவி சாய்த்துக்கொண்டே இருந்தால் ஆராய்ச்சி என்ன ஆகும்? அன்பு மெய்யை நிறுவாது. அன்பு மிகுந்தவரே ஏமாறவும் செய்வர். கடற்பாசியின் வரலாறே இவ்வாதத்திற்குச் சான்று. 1811இல் பெர்னார் குர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர், வெடியுப்புத் தொழிலுக்காகக் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்டபோது ஊதா நிற ஆவி எழக் கண்டார். அதுவே அயோடின். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவான்தே, முன்கழுத்துக் கழலைக்கு அதனை மருந்தாகக் கொடுத்துக் கழலை சுருங்கக் கண்டார். செய்தி பரவியதும் மேற்பார்வையின்றியும் அளவின்றியும் மக்கள் அதனை உண்ணலாயினர். உடல் மெலிந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்துத் துன்புற்றவர் பலர். மருந்து பொய்யன்று; அளவறியாத நம்பிக்கைதான் கேடு செய்தது.

இக்காலத்திற்கு அருகில் உள்ள சான்று இன்னும் கடுமையானது. சபாவின் செம்போர்ணாக் கடலில் குடும்பம் குடும்பமாகக் கயிறு கட்டி வளர்க்கப்படும் கடற்பாசியிலிருந்து கிடைப்பது கராகீனன் என்னும் பொருள். பனிக்கூழிலும் பற்பசையிலும் சேர்ப்பது. இவ்வகைப் பொருளால் ஆன ஒரு களிம்பு எச்.ஐ.வி கிருமியைத் தடுக்கும் என்று ஆய்வுக்கூடம் நம்பிற்று. கணவனின் இசைவுக்குக் காத்திராமல் பெண் தன்னைத் தானே காத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். நோக்கம் எவ்வளவு உயர்ந்தது! தென்னாப்பிரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட பெண்கள் அந்த ஆய்வில் பங்கு பெற்றனர். 2008இல் முடிவு வெளியாயிற்று: களிம்பு தீங்கு செய்யவில்லை, கிருமியைத் தடுக்கவும் இல்லை. களிம்பு பயன்பட்டிருக்க வேண்டிய வேளைகளுள் பாதிக்கும் குறைவான வேளைகளிலேயே அது பயன்பட்டது என்பதும் அப்போது தெரியவந்தது. தட்டில் வென்ற பொருள் வீட்டுக்குள் சென்றபோது, அங்கே மருந்தைப் பற்றி எவரும் எண்ணியிராத வேறு விதிகள் ஆண்டுகொண்டிருந்தன. ஆராய்ச்சியாளர் தம் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டனர். அந்த நேர்மைக்குத் தலை வணங்க வேண்டும். வீட்டார் வாங்கும் புட்டிகளின் மேல் அத்தகைய நேர்மை அச்சிடப்படுவதில்லை.

மறதி நோய்க்கே கடற்பாசியில் மருந்து தேடிய கதையும் உண்டு. பழுப்புக் கடற்பாசியிலிருந்து செய்யப்பட்ட ஒரு சர்க்கரைச் சேர்மத்தை, சோடியம் ஆலிகோமேனேட் என்ற பெயரில், அல்சைமர் நோய்க்கு மருந்தாகச் சீன அரசு 2019 நவம்பரில் நிபந்தனையுடன் ஏற்றது. அவ்வேற்புக்கு அடிப்படையான ஆய்வில் 818 நோயாளிகள் 36 வாரங்கள் மருந்தோ போலி மருந்தோ உட்கொண்டனர். அறிவுத்திறன் தேர்வில் மருந்து உண்டவர்கள் மதிப்பெண் கூடுதலாகப் பெற்றனர். ஆனால் நோயாளியை அன்றாடம் பார்த்துக்கொள்பவரின் வாக்கையும் கேட்டு மருத்துவர் மதிப்பிடும் அளவுகோலில், உறுதியான வேறுபாடு புலப்படவில்லை. வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறனிலும் அவ்வாறே. பள்ளிக்கூட வாழ்க்கையை அறிந்தவர்க்கு இது புதிராகத் தோன்றாது. தேர்வில் மதிப்பெண் உயர்ந்த பிள்ளை வீட்டில் எவ்வாறு இருக்கிறான் என்று தாயைக் கேட்டால்தான் தெரியும். வேறு நாடுகளையும் சேர்த்துத் தொடங்கப்பட்ட பெரிய ஆய்வு, பெருந்தொற்றின் இடையூறும் நிதிக் குறைவும் காரணமாகக் கூறப்பட்டு, 2022இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆராய்ச்சியை வீட்டாரின் அன்பிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதுதான் எதிர்வாதம். ஆனால் அந்த ஆராய்ச்சியே, மருந்து மெய்யாகப் பயன்பட்டதா என்று அறிய வேண்டியபோது, சுவரோர நாற்காலியில் அமர்ந்திருப்பவரைத்தான் கேட்டது. நோயாளி தம் மறதியை மறந்துவிடக்கூடும். அடுப்பு எரிந்துகொண்டிருந்ததைக் கண்டவள் மறக்கமாட்டாள். அவள் கவலை வெறும் உணர்ச்சியன்று. அஃது ஒரு சான்று. அளவுகோலாக அவளைப் பயன்படுத்திக்கொண்டு, மனிதராக அவளை ஒதுக்கிவிடுவது முறையாகுமா?

தொடக்கநிலை மருத்துவம் இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்தே தோன்றியது. 1978இல் அல்மா ஆத்தாவில் கூடிய உலக மாநாடு, தனி மனிதரும் குடும்பமும் சமுதாயமும் ஒருங்கே நாட்டின் மருத்துவ அமைப்பைத் தொடும் முதல் இடம் என்றே அதனை வரையறுத்தது. அதே ஆண்டில் ஹூய்கன் என்னும் டச்சு மருத்துவர், லெண்ட் என்னும் சிற்றூரில் தாம் பல்லாண்டு பார்த்துவந்த குடும்பங்களின் நோய் வரலாற்றை நூலாக வெளியிட்டார். நோயாளிகளின் வரலாறு அன்று, குடும்பங்களின் வரலாறு. இவ்வட்டாரத்திலும் பொது மருத்துவர்களுக்கான கல்லூரி சிங்கப்பூரில் 1971இலும் மலேசியாவில் 1973இலும் அமைந்தது. சிங்கப்பூரில் 2023இல் தொடங்கிய திட்டம், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ள வழி செய்தது. பெயரளவில் எல்லாரும் குடும்ப மருத்துவரே. பத்து நிமிடத்தில் குடும்பத்திற்கு எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி.

அந்தப் புட்டியைக் கண்டு மருத்துவர் நகைத்தால் என்ன நிகழும்? மகள் அதனை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வாள். வீட்டுக்குச் சென்று கொடுக்கவும் செய்வாள். அடுத்த முறை அது மேசைக்கு வராது. இஃது அவமதிப்போடு முடியும் செய்தியும் அன்று. பழுப்புக் கடற்பாசியிலிருந்து 1913இல் கைலின் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் பிரித்தெடுத்த ஃபியூகாய்டன், ஆய்வுக்கூடத்தில் குருதி உறைவதைத் தடுக்கும் தன்மையுடையதாகக் காணப்பட்டது. வார்ஃபரின் போன்ற மருந்து உண்பவர்க்கு அஃது ஆகாமற் போகலாம். சில கடற்பாசிகளில் அயோடின் மிகுதி. அது தைராய்டுச் சுரப்பியின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். தைராய்டு குறைந்தாலே முதியோர்க்கு மறதி வரும். ஆதலின் மறதி என்று வந்தால் மருத்துவர் முதலில் பார்க்கும் குருதிச் சோதனைகளுள் அதுவும் ஒன்று. அப்படியானால், மறதிக்கென்று வாங்கிய புட்டியே மறதியின் காரணத்தைக் குழப்பிவிடவும் கூடும். புட்டி மேசைக்கு வந்ததே ஒரு பேறு. அதனை மேசைக்குக் கொண்டுவந்தது மகளின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பது நாகரிகம் மட்டுமன்று, மருத்துவத்தின் பகுதியே.

இனி, மகளின் இரகசியம். இங்கேதான் அறவழி கரடு முரடாகிறது. குடும்பத்தாரின் கவலைக்கு இடம் தர வேண்டும் என்போர், அவள் கேட்டுக்கொண்டபடியே தந்தையிடம் மறைத்துவிடலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுவர். நம்மவர்க்கு இது பழகிய வழக்கம். பெரியவர் மனம் நோகக்கூடாது என்பது நம் பண்பு என்றும் சொல்லப்படும். ஆயினும் இது கிழக்கு நாட்டார்க்கு மட்டும் உரிய பண்பன்று. 1961இல் அமெரிக்க மருத்துவர்களைக் கேட்டபோது, புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றவர் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர். 1979இல் அதே கேள்வியைக் கேட்டபோது, சொல்வதே தம் வழக்கம் என்றவர் 97 பேர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாட்டு மருத்துவர்களின் வழக்கம் தலைகீழாயிற்று. எனவே, மறைப்பது எங்கள் பண்பாடு என்று சொல்லி வாதத்தை முடித்துவிட முடியாது.

உடலில் உள்ள நோய் ஒருவருடையது. அதனால் விளையும் நோவு வீட்டார் அனைவருடையது. இரவில் கதவுத் தாழ்ப்பாள் ஓசை கேட்டு எழுந்து ஓடுபவள் மகள். வேலையில் விடுப்பு கேட்டுத் தலை குனிபவளும் அவளே. அவளுடைய இரத்த அழுத்தத்தை யார் பார்த்தார்கள்? அதையும் அதே மருத்துவர் பார்க்கக்கூடும் என்பதுதான் குடும்ப மருத்துவத்தின் தனிச்சிறப்பு. ஆயினும் நோவில் பங்குடையவர் என்பதனால், நோயாளியின் அறிவிலும் முடிவிலும் பங்கு தாமாகவே வந்துவிடாது. தம் வாழ்வில் எஞ்சியிருக்கும் ஆண்டுகளை எவ்வாறு கழிப்பது, வீட்டை யார் பெயரில் எழுதுவது, எந்தக் கோயிலுக்கு ஒரு முறை போய்வர வேண்டும் என்பதெல்லாம், நினைவு இருக்கும்போதே அந்த மனிதர் எண்ண வேண்டியவை. அன்பின் பெயரால் அந்தக் காலத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதும் ஒரு வகைக் களவே. ‘தாங்கமாட்டார்’ என்று சொல்பவர் பல வேளைகளில் தம்மைப் பற்றியே சொல்கின்றனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அவரைக் கடிந்துகொள்வதும் தகாது. தாங்க முடியாமல் தவிப்பவரும் தேற்றப்பட வேண்டியவரே.

அப்படியாயின் மருத்துவர் செய்யக்கூடியது யாது? மகளிடம் பொய் வாக்குக் கொடுக்கலாகாது. தந்தை அறைக்குள் வந்ததும் நோயின் பெயரைப் போட்டு உடைக்கவும் கூடாது. எவ்வளவு அறிந்துகொள்ள விரும்புகிறார், யாரை உடன் வைத்துக்கொண்டு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேட்கலாம். அறிய வேண்டாம் என்றால் அதுவும் அவர் முடிவே; மகளின் முடிவன்று. கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். கேட்கத் தோன்றுவதற்குத்தான் நெடுநாள் பயிற்சி வேண்டும்.

தந்தை எடை பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். மருத்துவர் புட்டியைத் திருப்பித் திருப்பிச் சிட்டையைப் படிக்கிறார், பெயரைக் குறித்துக்கொள்கிறார். குருதிச் சோதனையின் முடிவு வரும்வரை திறக்காமல் வைத்திருக்கும்படி மகளிடம் சொல்கிறார். பிறகு தம் நாற்காலியைச் சற்று நகர்த்தி, முதியவரின் முகம் நேரே தெரியும்படி அமர்கிறார்.

“ஐயா, உங்கள் நினைவைப் பற்றி உங்களுக்கே ஏதேனும் கவலை உண்டா?”

மகள் தலை குனிந்துகொள்கிறாள். முதியவர் உடனே விடை சொல்லவில்லை. சட்டைப்பையில் கை விட்டு, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரிக்கிறார். மடிப்புகள் கிழியும் அளவுக்குப் பழையதாகிவிட்ட தாள். வீட்டு எண், தெருவின் பெயர், மகளின் தொலைபேசி எண், எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, இரு முறை அடிக்கோடிட்டு, ‘அடுப்பு’ என்று எழுதியிருக்கிறது. மகள் அந்தத் தாளை அதுவரை கண்டதில்லை.